கை ஓடுகிறது, பாட்டு நின்றுவிடுகிறது

கிட்டாரில் பிக் என்ற சின்னத் தகடு இல்லாமல் விரலால் மீட்டக் கற்றுக்கொள்ள யாரிடம் போனாலும் முதலில் கிடைப்பது ஒரு பேட்டர்ன்தான், அதாவது விரல்கள் கம்பிகளைத் தொட வேண்டிய ஒரு நிலையான வரிசை. சி கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டைவிரலால் ஐந்தாம் கம்பியையும் (மெல்லிய கம்பிதான் முதல் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி) நடுவிரலால் முதல் கம்பியையும் ஒரே நேரத்தில் மீட்டுங்கள், அடுத்து கட்டைவிரல் நான்காம் கம்பிக்கு, பிறகு ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பிக்கு, மறுபடி கட்டைவிரல் ஐந்தாம் கம்பிக்கு, நடுவிரல் முதல் கம்பிக்கு, கடைசியாகக் கட்டைவிரல் நான்காம் கம்பிக்கு, அவ்வளவுதான், இதையே திரும்பத் திரும்ப வாசியுங்கள், மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டுங்கள் என்பார்கள். டிராவிஸ் பிக்கிங் என்ற பெயரில் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படுகிற பாடத்தின் முதல் பக்கம் இதுதான். நானும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். பேட்டர்ன் கைக்கு வந்தது, நன்றாகவே வந்தது, கேட்பவர்கள் இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிப்பது போல இருக்கிறது என்று சொன்னார்கள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து மனைவி, "டீ போடட்டுமா, காபியா?" என்று கேட்டாள். "டீ" என்றேன். அந்த ஓர் எழுத்தைச் சொல்வதற்குள் கை நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன், ஓடியது. வேண்டுமென்றே ஏதோ சொல்லிப் பார்த்தேன், மறுபடி நின்றது. பாடிப் பார்த்தால் இன்னும் மோசம், பாட்டின் ஒவ்வொரு சொல்லும் பேட்டர்னில் எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்துக்கு விரல்களை இழுத்துக்கொண்டு போனது. வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் இதே கதைதான். இத்தனைக்கும் ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பிகளை மொத்தமாக வீசி வாசிப்பது, செய்துகொண்டு பாடுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. விரலால் வாசிக்கும்போது மட்டும் ஏன் வாயைத் திறக்க முடியவில்லை? கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில், இன்னும் பயிற்சி செய்யுங்கள், தானாக வரும் என்று. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஒரு காரியத்தை அதே விதத்தில் இன்னும் ஆயிரம் தடவை செய்தால் அந்த விதம்தான் இறுகும், இன்னொரு விதம் அதற்குள்ளிருந்து முளைத்து வராது என்று தோன்றியது.

அந்தத் தோன்றலைப் பிடித்துக்கொண்டு, இந்த வாசிப்பு முறை எங்கிருந்து வந்தது, அதை உண்டாக்கியவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று தேடப் போனேன். அவர்கள் யாரும் பாடாமல் வாசித்தவர்கள் இல்லை. வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து பாடினார்கள், ஊர் நடனங்களில் இரவு முழுக்க வாசித்தார்கள், வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேசினார்கள். அவர்களுக்கு இருந்து எனக்கு இல்லாமல் போனது எது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நிலக்கரிச் சுரங்கத்துக் கட்டைவிரல்கள்

டிராவிஸ் பிக்கிங்குக்குப் பெயர் தந்த மெர்ல் டிராவிஸ் 1917இல் கென்டக்கி மாநிலத்தின் மேற்குப் பக்கம், முலன்பர்க் கவுன்ட்டியில் பிறந்தவர். நிலக்கரி ஊர், அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. அந்த வட்டாரத்தில் கட்டைவிரலால் பேஸ் கம்பிகளை, அதாவது தடித்த கம்பிகளை, தட்டிக்கொண்டே மற்ற விரலால் பாட்டை வாசிக்கிற ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். டிராவிஸ் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்ற இரண்டு சுரங்கத் தொழிலாளர்களிடம். அவர்களுக்கு அது கென்னடி ஜோன்ஸ் என்பவர் வழியாக வந்தது. ஜோன்ஸுக்கு முன்னால் போனால் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் நிற்கிறார். 1886இல் பிறந்து 1931இல் இறந்துபோனவர், அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் வாசிப்பு ஒரு இசைத்தட்டில்கூடப் பதிவாகவில்லை. ஒரு மனிதனின் கை அசைவு இன்னொரு கைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று போய் கடைசியில் நான்காவதாக வந்தவரின் பெயரில் உலகம் முழுக்க அறியப்படுகிறது. தொடங்கிவைத்தவரின் ஒரு நொடி ஒலிகூட நமக்கு மிஞ்சவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, டிராவிஸ் வாசித்ததும் நமக்கு டிராவிஸ் பிக்கிங் என்று சொல்லிக்கொடுக்கப்படுவதும் ஒன்றல்ல. அவர் வாசித்தது பெரும்பாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான். கட்டைவிரலில் மாட்டிய பிக்கால் முதல் தட்டில் ஒரு பேஸ் கம்பி, அடுத்த தட்டில் நடுக்கம்பிகள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு வீச்சு. உள்ளங்கையின் அடிப்பகுதி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேல் லேசாகப் படிந்திருக்கும், அதனால் பேஸ் ஒலி நீண்டு போகாமல் 'தும் தும்' என்று அடங்கி விழும். அந்த அடங்கிய தட்டுகளுக்கு மேலே ஆள்காட்டி விரல் தன் இஷ்டத்துக்குப் பாட்டை வாசித்துக்கொண்டு போகும். அதில் நிலையான வரிசை என்று எதுவும் இல்லை. பாட்டு எங்கே போகிறதோ விரலும் அங்கே போகிறது.

ராக்டைம் பியானோவைக் கேட்டிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். இடது கை கீழே ஒரு ஸ்வரம், மேலே ஒரு கார்ட் என்று நடை போட்டுக்கொண்டே இருக்க, வலது கை அந்த நடைக்கு இடையில் புகுந்து புகுந்து வாசிக்கும். அமெரிக்கத் தெற்குப் பகுதிகளில் கிட்டார் வாசித்த பலர் அந்த இரண்டு கை வேலையை ஒரே கையின் விரல்களுக்குள் கொண்டுவந்தார்கள். தபாலில் வரவழைக்கக்கூடிய மலிவான கிட்டார்கள் கிராமங்களுக்கு வந்து சேர்ந்த காலம் அது. பியானோ வாங்க வழியில்லாத வீடுகளிலும் ஒரு கிட்டார் இருந்தது.

கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் இதைக் கற்றுக்கொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1924இல் டென்னசியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா அதிகமாகி, ஜார்ஜியாவில் இருந்த அப்பாவிடம் அனுப்பிவைக்கப்பட்டார். அங்கே ராத்திரி வானொலியில் சின்சினாட்டி நிலையத்தைப் பிடித்து டிராவிஸ் வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். காதால் கேட்டதுதான், கையைப் பார்க்கவில்லை. இத்தனை ஒலியும் ஒரே ஆளிடமிருந்து வருகிறது என்றால் கட்டைவிரலோடு இன்னும் இரண்டு மூன்று விரல்களாவது வேலை செய்கின்றன என்று முடிவு கட்டிக்கொண்டு தன் முறையை உருவாக்கினார். டிராவிஸ் கட்டைவிரலோடு ஒரே விரலை வைத்துக்கொண்டு வாசிக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது, அதற்குள் அட்கின்ஸ் வேறொரு உயரத்துக்குப் போயிருந்தார். பார்க்காமலே கற்றுக்கொண்டதால் விரல்கள் மாறின. ஆனால் கட்டைவிரலின் நடை அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. வானொலியில் அந்த நடைதான் தெளிவாகக் கேட்டிருக்கும். இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

அப்படியானால் நம் பேட்டர்ன் எங்கிருந்து வந்தது? 1960களின் நாட்டுப்பாடல் அலையில் பாடிய இளைஞர்களுக்கு முதன்மை பாட்டின் வரிகள்தான், கிட்டார் பின்னணி. விரல்களை ஒரு நிலையான வரிசையில் ஓடவிட்டுவிட்டு அதன் மேல் பாடுவது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுலபமாகப் போயிற்று. 1968இல் ரிஷிகேஷில், மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில், பிரிட்டிஷ் பாடகர் டோனவன் அப்படி ஒரு பேட்டர்னை பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது பலருக்குத் தெரிந்ததுதான், நம் நாட்டு மண்ணில் நடந்த கிட்டார் வகுப்பு அது. அந்தப் பேட்டர்ன்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. அருமையான பாட்டுகள் அவற்றின் மேல் எழுந்திருக்கின்றன. என் வாதம் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எலிசபெத் காட்டனின் ஆள்காட்டி விரல்

என் உறுத்தலுக்கு விடை கிடைத்த இடம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காட்சி. வட கரோலினாவில் 1893இல் பிறந்த எலிசபெத் காட்டன் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து வாசிக்கிறார். அவர் இடது கைக்காரர். சிறுமியாக இருந்தபோது அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில் அவருடைய பாஞ்சோவை எடுத்து, அதைத் திருப்பிப் பிடித்து, தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். அதையும் கம்பிகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்துத்தான் வாசித்தார். திருமணம், குடும்பம், தேவாலயம் என்று வாழ்க்கை திரும்பியதில் பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவே இல்லை. வாஷிங்டனில் இசைக் குடும்பமான சீகர் குடும்பத்து வீட்டில் வேலை பார்க்கப் போன இடத்தில், சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை மறுபடி எடுத்தார். 1958இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். தொண்ணூறைத் தாண்டியபிறகு கிராமி விருது, 1987இல் மறைவு. இந்த வாழ்க்கையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், இங்கே கைக்கு வருகிறேன்.

கிட்டார் தலைகீழாக இருப்பதால் பேஸ் கம்பிகள் கீழே, தரையைப் பார்த்து இருக்கின்றன, மெல்லிய கம்பிகள் மேலே. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருப்பது மெல்லிய கம்பிகள்தான். அதனால் அவர் பேஸை வாசிப்பது ஆள்காட்டி விரலால், பாட்டை வாசிப்பது கட்டைவிரலால். நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதற்கு நேர் எதிர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதே இசை. பேஸ் ஒரே சீராக நடந்துகொண்டிருக்கிறது, அதன் மேல் பாட்டு மிதந்துகொண்டு போகிறது, அவர் அதோடு சேர்ந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவது போல, பாடிக்கொண்டும் இருக்கிறார்.

அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எந்த விரல் எந்தக் கம்பிக்கு, எது முதலில் எது அடுத்து என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் அந்தக் கையில் இல்லை. எல்லாம் மாறியிருந்தும் இசை மாறவில்லை. அப்படியானால் இந்த வாசிப்பின் அடிப்படை விரல் வரிசையில் இல்லை என்றுதானே ஆகிறது. மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று, அந்தக் கையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒரு வேலை தாளம். அது எதற்காகவும் நிற்காது, எதற்காகவும் இடம் மாறாது. இன்னொரு வேலை பாட்டு. அது தாளத்தின் மேல் விழலாம், முன்னால் விழலாம், பின்னால் விழலாம், சில இடங்களில் பேசாமலும் இருக்கலாம். தாளத்தைக் கட்டைவிரல் எடுத்துக்கொள்கிறதா ஆள்காட்டி விரல் எடுத்துக்கொள்கிறதா என்பது கிட்டாரை எப்படிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

என் கையில் இருந்ததோ ஒரே வேலை. ஒன்றிலிருந்து ஆறு வரை அசைவுகள், ஒன்று முடிந்தால் அடுத்தது. கட்டைவிரலின் இரண்டாவது தட்டு எனக்குத் தாளத்தின் இரண்டாவது தட்டாக இல்லை, வரிசையில் இரண்டாவதாக வருகிற அசைவாக இருந்தது. வரிசையைக் காப்பாற்றுவதற்கு மனம் முழுக்க அங்கே இருக்க வேண்டும். ஒரு சொல் பேசினால் மனம் நகர்கிறது, வரிசை அறுகிறது. பேசுவதும் ஒரு வரிசைதானே, ஒரே ஆள் இரண்டு வரிசைகளை ஒரே நேரத்தில் எண்ண முடியாது. தாளத்தை அப்படி எண்ண வேண்டியதில்லை. நடந்துகொண்டே பேசுகிறோம், யாரும் அடியெடுத்து வைப்பதை எண்ணிக்கொண்டு நடப்பதில்லை.

அத்தையின் சுண்டுவிரல்

இந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அத்தை சின்ன வயதிலிருந்து வீணை வாசிக்கிறவர். கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குடா. ஆனா நீ மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கே, உன் மூஞ்சியில தெரியுது" என்றார். காட்டனைப் பற்றிச் சொன்னேன். தாளம் ஒரு விரலுக்கு, பாட்டு மற்ற விரல்களுக்கு என்று நான் விளக்க ஆரம்பித்ததுமே, "இதுல என்ன இருக்கு, இங்க பாரு" என்று வீணையை எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

வீணையில் வாசிப்பதற்கு நான்கு கம்பிகள், பக்கவாட்டில் தாளத்துக்கென்று மூன்று. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே இருக்கும் கம்பிகளை மீட்டிக்கொண்டிருக்கும்போது சுண்டுவிரல் கீழிருந்து அந்தத் தாளக் கம்பிகளைத் தட்டும். எத்தனை கச்சேரியில் பார்த்திருக்கிறேன், அந்தச் சுண்டுவிரலைத் தனியாகக் கவனித்ததே இல்லை. அத்தை ஆதி தாளத்தில் ஒரு வர்ணத்தை மெதுவாக வாசித்தார். மேலே ஸ்வரங்கள் குறுகி, நீண்டு, வளைந்து போய்க்கொண்டிருக்க, சுண்டுவிரல் தாளத்தின் அந்தந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் என்னைப் பார்த்து, "உனக்கு சரளி வரிசை சொல்லிக்குடுத்தப்ப முதல்ல கையில தாளம் போடத்தானே சொன்னாங்க?" என்று கேட்டார். வாசிப்பு நிற்கவில்லை.

ஆமாம், அதைத்தான் சொன்னார்கள். சின்ன வயதில் கொஞ்ச காலம் பாட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டே முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாட வேண்டும். பாட்டின் வேகம் இரண்டு மடங்காகும், நான்கு மடங்காகும், கை மட்டும் அதே நடையில் இருக்க வேண்டும். நம் ஊரில் பாட்டுக் கற்றுக்கொண்ட எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. இந்தப் பக்கம் வந்து கிட்டார் எடுத்ததும் அதை ஏன் விட்டுவிடுகிறோம் என்றால், பேட்டர்ன் என்ற பெயரில் தாளமும் பாட்டும் ஏற்கெனவே கலந்து ஒரே உருண்டையாகக் கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. பிரித்துப் பார்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. வீணையின் தாளக் கம்பியும் கிட்டாரின் பேஸும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. கிட்டாரில் பேஸ் கார்டின் ஆதார ஸ்வரத்தையும் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தட்டிலும் விழ வேண்டும். ஆனால் ஒரே கைக்குள் ஒரு விரல் தாளத்துக்கென்று தனியாக ஒதுங்கியிருக்க முடியும் என்பதை அத்தையின் கையில் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கட்டைவிரலோடு மட்டும்

ஊருக்குத் திரும்பியதும் மற்ற விரல்களை எல்லாம் மடக்கிக்கொண்டேன். கட்டைவிரல் மட்டும். சி கார்டில் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, ஐந்து, நான்கு. தட்டு எண்ணிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு. கேட்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், ஆனால் ஒழுங்காகச் செய்தால் இதில் நிறைய இருக்கிறது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு உள்ளே புகுந்துவிடாமல், கழுத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். நுனி மூட்டை மடக்கி இழுக்காமல் அடிமூட்டிலிருந்து அசைய வேண்டும், நுனியை மடக்கினால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும், ஒலியும் சன்னமாகும். உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் எவ்வளவு வைப்பது என்பதும் காதால்தான் தெரியும். ஒரு இம்மி கூடினால் கம்பி செத்துவிடும், குறைந்தால் பேஸ் இரைந்து பாட்டை மூடிவிடும். முதல் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் கொஞ்சம் அழுத்தம், இரண்டுக்கும் நான்குக்கும் லேசாக.

கஷ்டம் கார்ட் மாறும்போதுதான் வருகிறது. சி கார்டில் ஆதார ஸ்வரம் ஐந்தாம் கம்பியில் இருக்கிறது, ஜி கார்டில் ஆறாம் கம்பியில், டி கார்டில் நான்காம் கம்பியில். மேலே விரல்கள் அதே கம்பிகளில் ஓடிக்கொண்டிருந்தாலும் கட்டைவிரல் இடம் மாறியாக வேண்டும், அதுவும் புதிய கார்டின் முதல் தட்டிலேயே. பேட்டர்னாகக் கற்றவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், தடுமாற்றம் இடது கையில் என்று நினைத்துக்கொண்டு கார்ட் மாற்றத்தை மட்டும் பழகிக்கொண்டிருப்பார்கள். சி-யிலேயே பேஸை ஐந்து, நான்கு, ஆறு, நான்கு என்று நடக்கவிட வேண்டுமானால் இடது கை மோதிர விரல் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் மூன்றாம் கட்டத்தில்) ஐந்தாம் கம்பியிலிருந்து ஆறாம் கம்பிக்குப் போய் வர வேண்டும். இதெல்லாம் கட்டைவிரலை மட்டும் வைத்துப் பழகும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

அடுத்து, அதற்கு மேல் பேசினேன். வாசித்துக்கொண்டே செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தேன். விளையாட்டுப் பக்கம் சுலபமாக இருந்தது, தலையங்கத்தில் நீண்ட வாக்கியங்கள் வந்தபோது கை இழுத்தது. இழுக்கும்போது படிப்பதைத்தான் நிறுத்த வேண்டும், கையை நிறுத்தக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். இதுவரை எப்போதும் கையை நிறுத்திவிட்டுத்தான் பேச்சைத் தொடர்ந்திருக்கிறேன், அந்த வரிசையை மாற்றியதும் மெல்ல மெல்ல ஒரு மாற்றம் வந்தது. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற உணர்வு. பிறகுதான் மேல் விரல்களைத் திறந்தேன். முதலில் முதல் தட்டில் மட்டும் ஒரு ஸ்வரம், கட்டைவிரலோடு சேர்ந்து. அப்புறம் மூன்றாம் தட்டிலும். அதற்கும் பிறகு இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்வரம். இந்த நடு ஸ்வரம் வரும்போது கட்டைவிரல் தானும் கூடப் போகப் பார்க்கும், அதைப் போகவிடாமல் வைத்திருப்பதுதான் இந்தக் கலையின் நுழைவாயில் என்பது என் கருத்து.

அது ஒருமுறை பிடிபட்டபிறகு, ஆரம்பத்தில் படித்த அந்தப் பேட்டர்னை வாசித்துப் பார்த்தேன். அதே ஆறு அசைவுகள், அதே கம்பிகள். ஆனால் இப்போது அது எனக்கு நான்கு தட்டுகளாகவும் அவற்றின் மேல் விழுகிற மூன்று ஸ்வரங்களாகவும் கேட்டது. மூன்றில் ஒன்றை எடுத்துவிடலாம், இன்னொன்றை அரைத் தட்டு முன்னால் தள்ளலாம், இரண்டாம் கம்பிக்குப் பதில் மூன்றாம் கம்பியைத் தொடலாம், எதற்கும் கீழே நடை குலையாது. அதன் மேல் பாடவும் முடிந்தது. ஒரு வாய்ப்பாடாக இருந்தது, நினைத்தபடி மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றாக ஆகிவிட்டது. இந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் கிட்டாரைக் கீழே வைக்க மனமில்லை.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற ப்ளூஸ் பாடகரை அதன் பிறகு கேட்டது வேறு மாதிரி இருந்தது. 1928இல் ஒரு நிறுவனத்துக்காகப் பாடிப் பதிவு செய்தார், தட்டுகள் விற்கவில்லை, ஊருக்குத் திரும்பி விவசாய வேலையைப் பார்த்தார். ஒரு பாட்டில் அவர் சொல்லியிருந்த ஊர்ப் பெயரான அவலானைப் பிடித்துக்கொண்டு 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் தேடிப் போய் அவரைக் கண்டுபிடித்தார். அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் வாசித்தார், 1966இல் இறந்துபோனார். கடைசி மூன்று வருடங்கள்தான் உலகம் அவரைக் கேட்டது. முப்பத்தைந்து வருட இடைவெளிக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். குரல் முதிர்ந்திருக்கிறது, கட்டைவிரலின் நடை அதே சீரில் இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு சுற்றுகளில் மேல் விரல்கள் அதே இடங்களில் விழுவதில்லை. பேட்டர்ன் புத்தகத்தில் அவர் வாசிப்பை எட்டு அசைவுகளாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், அந்தச் சுற்றில் அந்த நொடியில் அவர் வாசித்ததன் பதிவு அது, அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே என் வாதம் இதுதான். பேட்டர்ன் வேண்டாம் என்று சொல்லவில்லை, பாட்டுக்குப் பின்னணியாக ஓடவிட அதைவிட நல்ல வழி இல்லை, முதல் வாரத்திலேயே அழகாக ஒலிக்கிற ஏதோ ஒன்று கையில் கிடைத்தால்தான் பலர் கிட்டாரைத் தொடர்ந்து எடுப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் கட்டைவிரலை முதலில் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அது கற்றுக்கொள்பவருக்குச் சலிப்பாக இருக்கும் என்று பயந்து தவிர்க்கக் கூடாது. எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்து கற்றுக்கொள்கிறாள். இரண்டாவது வாரம், "அங்கிள், இன்னைக்காவது மத்த விரல் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாள். அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, அதற்குக் கட்டைவிரலை மட்டும் வாசிக்கச் சொன்னேன். பாட்டு முடியும்வரை வாசித்தாள், நடுவில் இரண்டு இடத்தில் தன்னை மறந்து கூடவே பாடினாள். பாடிய இடங்களிலும் கட்டைவிரல் நிற்கவில்லை என்பதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை, நான் கவனித்தேன். அடுத்த வாரமே மற்ற விரல்களைச் சொல்லிக்கொடுத்தேன்.

எனக்கு இப்போது மீதி இருக்கிற சிக்கல் இடது கையில். எஃப் கார்டைப் பாரே போட்டு, அதாவது ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தி, பிடித்தால் ஆள்காட்டி விரல் முழுவதும் பூட்டிக்கொள்கிறது, மேல் கம்பிகளில் பாட்டுக்குப் போக விரல் மிச்சமில்லை. ஹர்ட், டிராவிஸ் போன்றவர்கள் இடது கைக் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டை அழுத்தினார்கள், பல ஆசிரியர்கள் இதைக் கூடாது என்பார்கள். செவ்வியல் கிட்டாரின் அகலமான கழுத்துக்கு அது சரியான அறிவுரை. ஸ்டீல் கம்பி கிட்டாரின் ஒல்லிக் கழுத்தில், பேஸும் நடக்க வேண்டும் பாட்டும் போக வேண்டும் என்றால் இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை. என் கட்டைவிரல் கொஞ்சம் குட்டை, இன்னும் முழுதாக எட்டவில்லை, கிட்டாரைத் தொடையில் சற்று நிமிர்த்தி வைத்து மணிக்கட்டை உள்ளே கொண்டுவந்தால் எட்டுகிறது. 12 அளவுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு அதைவிட மெல்லிய 11 அளவு மாட்டியிருக்கிறேன், அதனால் அழுத்துவதும் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. சி-யிலிருந்து எஃப்-க்குப் போகும்போது பேஸ் ஐந்தாம் கம்பியிலிருந்து ஆறாம் கம்பிக்குத் தட்டுத் தவறாமல் இறங்கினால், இந்த மாதம் அதுவே போதும்.